பூனைக்குட்டியும் ஒரு தட்டு மணலும்

"பூனைக்குட்டியைப் பற்றியா எழுதப்போகிறீர்?" என்று என் பண்டித நண்பர் கேட்டார். கேட்ட குரலில் வியப்பிலும் இரக்கமே மிகுந்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் இலக்கணம் படிப்பித்த ஒருவன் ஓய்வுபெற்றபின் எவ்வளவு தாழ்ந்துவிடுகிறான் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும்.

நான் சொன்னேன்: "கம்பநாடர் தம் காவியத்தின் வாயிலில் நின்று அவையடக்கம் கூற வந்தபோது எந்தப் பிராணியைத் துணைக்கு அழைத்தார்? பாற்கடல் முழுவதையும் நக்கிவிட ஆசைப்பட்ட பூனையை அல்லவா? தொல்காப்பியரும் மரபியலில், மூங்கா, வெருகு, எலி, அணில் என்னும் நான்கின் இளமைக்கும் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்று எடுத்து ஓதினார். அவ்விருவரும் இடங்கொடுத்த பிராணிக்கு வாரமலரில் இரண்டு பத்தி கொடுத்தலாகாதா?"

நண்பர் சற்று இளகினார். "சரி, குட்டியைப் பற்றி என்ன எழுதுவீர்?"

"அது எங்கே மலங்கழிக்க வேண்டும் என்பதைப் பற்றி" என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

வாசகர்கள் அவரிலும் பொறுமையுடையவர்கள் என்னும் துணிவினால் எழுதுகிறேன். பொருள் அற்பமானதன்று. ஒரு குட்டி வீட்டில் இருப்பதா, அட்டைப் பெட்டியில் இட்டுத் தெருவோரம் விடப்படுவதா என்பது பெரும்பாலும் இந்த ஒன்றிலேயே தங்கியிருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குட்டி கண்ட கண்ட இடத்தில் அசுத்தம் செய்தால், பிழை குட்டியினுடையதன்று, வீட்டாருடையது. இக்கட்சிக்கு நான் எளிதில் வந்துவிடவில்லை.

நான் பிறந்து வளர்ந்த வடமராட்சி வீட்டில் இக்கேள்வி எழுந்ததே இல்லை. குசினிக்குப் பின்புறம் சாம்பற் குவியல். முற்றம் முழுவதும் வெண்மணல். வேலிக்கு அப்பால் தோட்டத்துக் கொத்திய மண். பூனை போகும், வரும். எங்கே போய் வந்தது என்று ஆச்சி ஒருநாளும் விசாரித்ததில்லை. பூனை துப்புரவான பிராணி என்று நானே எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டு கட்டுரை எழுதுவித்திருக்கிறேன். அந்தத் துப்புரவுக்கு முதலீடு செய்தது எங்கள் முற்றத்து மணல் என்பது, மகனோடு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் வந்து குடியிருந்தபின்னரே எனக்கு விளங்கியது. இங்கே மண் என்று சொல்லத்தக்கது மருமகள் யன்னலருகே வைத்து வளர்க்கும் துளசிச் சாடியில் மட்டுமே உண்டு.

குட்டி வந்த கதை சுருக்கமானது. கடற்கரையோரப் புகையிரதப் பாதையின் அருகே ஒரு சவர்க்காரப் பெட்டி கிடந்தது. இரவு முழுவதும் மழை. பெட்டிக்குள் மூன்று குட்டிகள். காலையில் ஒன்றுக்கே உயிர் இருந்தது. என் பேர்த்தி அதனைத் தன் பாடசாலைச் சட்டையினுள் பொதிந்து கொண்டுவந்தாள். வெள்ளை நிறமாதலால் 'பஞ்சு' என்று பெயரிட்டாள். யாழ்ப்பாணத்தில் 'பஞ்சி' என்றால் சோம்பல். இப்பிராணியிடம் அது அணுவளவும் இல்லை என்பதை மறுநாளே கண்டோம்.

முதல் நாள் பேர்த்தி மாப்பாலைக் கரைத்துக் கோப்பை நிறைய வைத்தாள். பூனைக்குப் பால் வார்ப்பது தர்மம் என்று நாமெல்லோரும் நம்பி வளர்ந்தவர்கள். பால்குடி மறந்த பூனைக்குப் பசுப்பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது என்பதும், அது வயிற்றோட்டத்தில் முடியும் என்பதும் அப்பொழுது தெரியாது. ஆகவே நான் சொல்லப்போகும் அனர்த்தங்களில் பாதிக்குக் காரணம் எங்கள் தர்மமேயாகும்.

முதலாவது அனர்த்தம் துளசிச் சாடியில் நிகழ்ந்தது. பஞ்சு சாடியில் ஏறி, முன்காலால் மண்ணைப் பறித்து, காரியத்தை முடித்து, திரும்பி நின்று மூடிக்கொண்டிருந்ததை மருமகள் கண்டாள். நான் விளக்குமாற்றோடு ஓடினேன். சாடி உடனே அலுமாரியின் உச்சிக்கு ஏறியது. அன்று மாலை அரிசிச் சாக்கு. மறுநாள் காலை, நான் இருபது ஆண்டுகளாகச் சேர்த்துக் கட்டி வைத்திருந்த வாரமலர்க் கட்டு. அதில் மேலாக இருந்தது நான் எழுதிய ஒரு விமரிசனம். அக்கட்டுரைக்குக் கிடைத்த மறுமொழிகளில் இதுவே அழுத்தமானது என்று மகன் சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தது. ஊர் வழக்கப்படி குட்டியின் பிடரியைப் பிடித்து, மூக்கை அந்த இடத்தில் தேய்த்து, முதுகில் இரண்டு தட்டும் தட்டினேன். அது அலுமாரிக்குப் பின்னே ஓடி ஒளிந்தது. அன்று முழுவதும் வெளியே வரவில்லை. அதன் பின் நான் பார்க்கும் இடத்தில் அது எதுவும் செய்வதில்லை. நான் பாராத இடத்திலேயே செய்தது. நான் படிப்பித்த பாடம் இவ்வளவே: இந்தக் கிழவன் பொல்லாதவன், இவன் கண்ணில் படாதே.

அப்பொழுதுதான் பேர்த்தி என்னைக் கேட்டாள்: "அப்பப்பா, அதுக்குக் கக்கூஸ் எங்கையெண்டு நாங்கள் காட்டவே இல்லையே?"

எட்டு வயதுப் பிள்ளையின் கேள்வி. எனக்கு விடை இல்லை. யோசித்துப் பார்த்தால், குட்டி எங்களிலும் சரியாகவே நடந்திருந்தது. இந்த வீட்டில் மண் இருந்த ஒரேயோர் இடத்தை அது வந்த மறுநாளே கண்டுபிடித்தது, முறைப்படி பறித்தது, முறைப்படி மூடியது. நாங்கள் அந்த மண்ணையும் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, மண் தேடாத குற்றத்துக்காக அதனை அடித்தோம்.

மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். என் மாணவியாய் இருந்திருக்கக்கூடிய வயதினள். அவர் சொன்னவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். பிறந்து ஏறத்தாழ மூன்று கிழமை வரையும் குட்டி தானாகக் கழிக்க அறியாது. தாய் நக்கிக்கொடுத்தே கழிக்கச் செய்கிறது, சுத்தமும் செய்கிறது. அதன் பின் ஓரிரு கிழமையில், எவரும் கற்பியாமலே, குட்டி பொலபொலவென்ற மண்ணைத் தேடிப் பறிக்கத் தொடங்குகிறது. வீட்டுப் பூனையின் மூதாதை ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப்பூனை என்பதை 2007 இல் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டியது. வறண்ட நிலத்துப் பிராணி. சைப்பிரசுத் தீவில் 9,500 ஆண்டுப் பழமையுள்ள புதைகுழியொன்றில் மனிதனுக்கு அருகே ஒரு பூனையும் அடக்கப்பட்டிருந்ததை 2004 இல் அறிவித்தார்கள். இத்தனை காலம் நம்மோடு கூடி வாழ்ந்தும் அது மணல் என்ற ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நாமே வீட்டை மாற்றினோம்.

மேல்நாட்டார் இச்சங்கடத்தை நமக்கு முன்பே அனுபவித்தவர்கள். 1947 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், அயற்பெண் ஒருத்தி தன் பூனைக்கு மணல் வேண்டுமென்று எட் லோ என்பவரிடம் வந்தாள். அவர் எண்ணெய்க் கசிவை உறிஞ்சுவதற்கென வைத்திருந்த உலர்ந்த களிமண் துணிக்கைகளைக் கொடுத்தனுப்பினார். அவள் திரும்பவும் அதையே கேட்டு வந்தாள். அதிலிருந்து பெரியதொரு வியாபாரம் எழுந்தது. அந்தக் களிமண் கப்பலேறி நம் நாட்டுக் கடைகளுக்கும் வருகிறது. ஆனால் 2022 இன் நெருக்கடிக்குப் பின் இறக்குமதிப் பொருளின் விலை ஓய்வூதியக்காரன் கை வைக்கும் நிலையில் இல்லை. மரக்காலையில் மரத்தூள் வாங்கிப் பார்த்தோம். குட்டியின் காலில் ஒட்டி வீடெங்கும் பரந்தது. மரத்தூளும் பிட்டும் ஒரே நிறமாய் இருந்தமையால் இரண்டு நாளில் அதைக் கைவிட்டோம். முடிவில் கட்டடச் சாமான் கடையில் மணல் வாங்கி, அரித்து, வெயிலில் உலர்த்தினேன். மின்தூக்கி பழுதான நாளில் அதை நான்கு மாடி சுமந்து ஏறியதும் நானே.

தாழ்ந்த விளிம்புள்ள பிளாஸ்ரிக் தட்டு ஒன்றில் இரண்டு அங்குல உயரத்துக்கு மணலைப் பரப்பினேன். பாடம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. தட்டை வைத்த இடம் குசினி மூலை. அங்கேதான் அதன் உணவுக் கோப்பையும் இருந்தது. உண்ணும் இடத்தருகே கழிக்க எந்தப் பூனையும் உடன்படாது. நமக்கும் அது சம்மதமன்று. பக்கத்திலே சலவை இயந்திரம் வேறு. மூன்றாம் நாள் பஞ்சு தயங்கித் தயங்கித் தட்டினுள் இறங்கியவேளை இயந்திரம் உலர்த்தும் சுற்றுக்கு வந்து அதிரத் தொடங்கியது. குட்டி ஒரு முழம் உயரத் துள்ளிப் பாய்ந்து மறைந்தது. அதன் பின் நான்கு நாள் அந்தத் தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை.

தட்டை விறாந்தை முடிவில், சந்தடியற்ற இடத்துக்கு மாற்றினேன். என் அறையில் இரண்டாவது தட்டு ஒன்றையும் வைத்தேன். ஒரு பூனைக்கு ஒரு தட்டு, அதன்மேல் ஒன்று கூடுதலாக என்பது மிருக வைத்தியர்களின் கணக்கு. தூங்கி எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடி ஓய்ந்தவுடன் குட்டியைத் தூக்கி மெதுவாகத் தட்டில் விட்டேன். என் விரலால் மணலைப் பறித்துக் காட்டினேன். முன்பு அசுத்தமான கடதாசித் துண்டொன்றை மணலில் புதைத்து, மணத்தினால் இடத்தை உணர்த்தினேன். பிழையான இடங்களை வினாகிரி கலந்த நீரால் கழுவினோம். அமோனியா கலந்த திரவங்களை வைத்தியர் வேண்டாம் என்றார். அவற்றின் நெடி சிறுநீரை ஒத்திருப்பதால், அழைப்பிதழ் அனுப்பியது போலாகிவிடுமாம். மாப்பாலையும் நிறுத்தினோம். ஏழு நாள், அதன் பின் பிழை நிகழவில்லை. குட்டிக்கு நான் கற்பித்தது ஒன்றுமில்லை. அது ஏற்கனவே அறிந்திருந்ததை நான் தடுக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள மூன்று கிழமை சென்றது.

இதற்கிடையில் வேறொரு சோதனை. மருமகள் இரண்டாம் பிள்ளைக்கு நான்கு மாதம். செய்தி பரவியதும் அயல்வீட்டு அம்மையார் ஒருவர் வந்து, "பூனை கருவைக் கொல்லும், இன்றைக்கே கொண்டுபோய் விடுங்கோ" என்றார். உறவினர் இருவர் தொலைபேசியில் அதையே சொன்னார்கள். மகன் வாய் திறவாமல் ஓர் அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தான். பேர்த்தி அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. டொக்சோபிளாஸ்மா என்றொரு நுண்ணுயிர் உண்டு. 1908 இல் விஞ்ஞானிகள் அதனை முதன்முதல் விவரித்தார்கள். கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கலாம். பூனையின் குடலில் அது பெருகி, மலத்தோடு வெளியேறும். குட்டிப் பருவத்துப் பூனையிடமே இதற்கு வாய்ப்பு அதிகம் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் வெளியேறிய மலம் அப்பொழுதே தொற்றுவதில்லை. தொற்றும் நிலைக்கு முதிர ஒன்று முதல் ஐந்து நாள் வரை செல்லும். ஆகவே தட்டை நாள்தோறும் துப்புரவு செய்தால் ஆபத்து பெரிதும் குறையும். கர்ப்பிணி அந்த வேலையைத் தொடாமல் இருத்தல் வேண்டும். தொட நேர்ந்தால் கையுறை அணிந்து, பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் வேண்டும். அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண் ஆகியவற்றாலும் இதே தொற்று வரலாம் என்பதை அயல்வீட்டு அம்மையார் சொல்லவில்லை. மருமகள் தன் வைத்தியரிடம் கேட்டு, இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டு வந்தாள். வந்து, "மாமா, தட்டு உங்கடை பொறுப்பெண்டால் குட்டி நிக்கட்டும்" என்றாள். துளசிச் சாடியும் என் பொறுப்பில் வந்தது. பஞ்சுவுக்குப் பச்சை இறைச்சி இல்லை. படுக்கையறைக் கதவு அதற்கு மூடியே இருக்கும். மகன் பெட்டியை மடித்துப் பழைய கடதாசிக்காரனுக்குக் கொடுத்துவிட்டான்.

இவற்றையெல்லாம் ஒருநாள் பண்டித நண்பரிடம் விவரித்தபோது, "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியைச் சொல்லி அவர் என்னை மடக்க முயன்றார். அப்பழமொழி எனக்கும் பழக்கமானது. அதை வைத்துக்கொண்டே என் தொழிலின் முற்பகுதியை நடத்தினேன். இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

1984 இல் ஒரு பாடசாலையின் விடுதிக்கு நான் பொறுப்பாசிரியன். எனக்கு இருபத்தொன்பது வயது. முந்திய ஆண்டு ஆடிக் கலவரத்தில் தெற்கில் வீடிழந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் விடுதியில் சேர்ந்தான். பதினொரு வயது. இரவில் பாயை நனைத்துவிடுவான். முதல் நாள் கண்டித்தேன். இரண்டாம் நாள் அடித்தேன். பின்னர் ஒரு விதி செய்தேன்: நனைந்த பாயை அவனே தலையில் சுமந்து, மற்றப் பிள்ளைகள் பல் விளக்கும் கிணற்றடி வழியாகச் சென்று வேலியில் காயப்போட வேண்டும். அவன் சுமந்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டும் என்பதே விதியின் நோக்கம். சில நாளில் அவன் மாலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான் என்று சமையற்காரர் சொன்னார். அதை நான் திருத்தத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். தவணை முடிந்து வீடு போனவன் திரும்பி வரவில்லை. இரவில் எந்தச் சத்தத்துக்கு அவன் திடுக்கிட்டு எழுந்தான், இருட்டில் கிணற்றைத் தாண்டி மலசலகூடம் வரை தனியே போக அவனால் முடிந்ததா, விறாந்தையில் ஒரு விளக்கு வைத்தால் என்ன என்று ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை. விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு செலவாகியிருக்கும்?

பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005 இல் வந்தது. அதைச் சபையில் வாசித்துக் காட்டிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். வாசிக்கும்போது அந்தப் பாய் என் நினைவுக்கு வரவில்லை. சலவை இயந்திரத்தின் அருகிலிருந்து ஒரு பூனைக்குட்டி துள்ளி ஓடிய அன்றுதான் வந்தது. பண்டித நண்பருக்கு இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எங்கள் விடுதியிலும் ஒருவன் இருந்தான்" என்று மட்டும் சொன்னார்.

நிற்க. பஞ்சு ஞானியாகிவிட்டது என்று எவரும் எண்ணற்க. மணற்தட்டு ஒன்றைத் தவிர மற்ற எல்லா விடயத்திலும் அதன் ஒழுக்கம் கேள்விக்குரியதே. என் வேட்டிக் கரை அதன் பரம வைரி. மேசையில் எந்தப் பேனாவை வைத்தாலும் அதனை விளிம்புவரை நகர்த்தி, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கீழே தள்ளும். விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் அதற்குப் பித்துப் பிடிக்கும். இரை தேடும் இனத்துக்கு அவையே வேட்டைப் பொழுதுகள். நாம் குறும்பு என்பது அதற்குப் பயிற்சி. அரைமணி நேரம் கயிற்று நுனியில் ஒரு கடதாசியைக் கட்டி இழுத்து விளையாடிக் காட்டினால் அன்றிரவு திரைச்சீலை தப்பும். ஒருநாள் அலுமாரி உச்சியில் இருந்து தவறி விழுந்தது. நான் பதறினேன்; அது நாலு காலில் வந்து நின்று என்னை ஏளனமாகப் பார்த்தது. பிரான்சு நாட்டு மாரே என்பவர் 1894 இல் தொடர்ச்சியாகப் படம் பிடித்து, பூனை விழும்போது எவ்வாறு தன்னைத் திருப்பிக்கொள்கிறது என்பதைக் காட்டினார். அதைப் பேர்த்திக்கு விளங்கப்படுத்தியதன் பயனாக, சோதனை செய்து பார்ப்போமா என்று அவள் கேட்கத் தொடங்கிவிட்டாள். எல்லா அறிவையும் எல்லாருக்கும் சொல்லலாகாது.

ஆறு மாதம் ஆவதற்குள் பஞ்சுவுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். புகையிரதப் பாதையோரம் இன்னொரு சவர்க்காரப் பெட்டி வேண்டாம் என்பதற்காக உடன்பட்டிருக்கிறோம். பேர்த்தி அன்றைக்குப் பாடசாலைக்குப் போகமாட்டாளாம்.

இதை எழுதும்போது விடிய இன்னும் நேரமிருக்கிறது. விறாந்தைப் பக்கம் மணல் பறிக்கும் சத்தம் கேட்கிறது. பறித்து, நின்று, திரும்பவும் பறித்து, தட்டின் விளிம்பையும் இரண்டு முறை வீணாகச் சுரண்டுகிறது. விளக்கைப் போட்டுக் கரண்டியையும் பழைய பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு போகவேண்டும். மருமகளுக்குத் தை மாதக் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள்.